அலெக்கின் மனைவியாக நான் இருந்ததில்லை

கீரை வாங்கக் கடைக்குப் போன என் கணவர் சிவராசா மூன்று மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

“எங்க போனனீங்கள்?”

“அலெக்கின்ர மட்ச் பாத்திட்டு வாறன்” என்றார், சப்பாத்தைக் கழற்றியபடி.

அலெக் இறந்து பத்து வருடத்துக்கு மேல். அவர் உதைபந்தாடிய காலத்தில் என் கணவர் யாழ்ப்பாணத்தில் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தார். எங்கள் இலண்டன் பிளேஸ்டோ வீட்டுக்குள் நோய் நுழைந்தது அன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

அலெக் ஸ்கொட்லாந்துக்காரர். இடது ஓரத்தில் பந்தைக் கொண்டு ஓடும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார். நாங்கள் இலண்டனுக்கு வந்த புதிதில் என் கணவருக்கும் அங்கேதான் வேலை கிடைத்தது. பத்து வருடம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடிதம் பிரித்தார்கள். அலெக் சொன்ன கதையெல்லாம் இவருடைய தலைக்குள் போய்ச் சேர்ந்தது.

நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவில் மதுரைப் பக்கத்து டாக்டர் அம்மா ஒருவர் ஸ்கான் படங்களைக் காட்டினார். வாஸ்குலர் டிமென்ஷியா (மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதால் வரும் மறதி நோய்). பிறகு என் கணவரிடம் கேட்டார்:

“ஐயா, உங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். உடனே வேறு கதை தொடங்கினார்: அலெக் பதினேழு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு இலண்டன் வந்தது, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டது, தன் நாட்டுக்காக ஒரே ஒரு முறை ஆடியது.

“இவ்வளவு ஞாபகம் இருக்கே!” என்று டாக்டர் சிரித்தார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். செத்துப்போன ஒரு மனிதர் மேல் நான் பொறாமைப்பட்டேன். கொழும்பு லொட்ஜில் விசாவுக்காக நாங்கள் இருவரும் காத்துக் கிடந்த மாதங்கள், மகள் சுபா பிறந்த நாள், எதுவும் அவரிடம் தங்கவில்லை. அலெக் அடித்த ஒரு கோர்னர் உதை தங்கியிருந்தது.

அவர் கதையைத் தொடங்கும்போதெல்லாம், “அலெக் செத்துப்போனார்” என்று சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் அதை முதன்முதலாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அழுதார். நான் நிறுத்தவில்லை. இரண்டு கிழமையில் அவருடைய பேச்சு நின்றது. பிறகு சாப்பாடும் குறைந்தது.

வட இலண்டன் எட்மண்டனிலிருந்து வந்த சுபா ஒரு நாள் முழுக்க இதைப் பார்த்தாள்.

“அம்மா, நீங்கள் அப்பாவைத் தண்டிக்கிறீங்கள்.”

“அவருக்கு என்னைத் தெரியேல்லை, பிள்ளை.”

“ஓம். அலெக்கையும் பறிச்சுப்போட்டா அவருக்கு மிச்சம் என்ன இருக்கு?”

மறுநாள் காலை அவருக்கு முகம் துடைக்கும்போது கேட்டேன்: “அலெக் ஏன் ஆட்டத்தை விட்டவர்?”

துவாயை விலக்கிவிட்டு வாய் திறந்தார். முழங்காலில் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்ததாம். வெட்டி எடுத்த பிறகு பழைய வேகம் இல்லையாம். சின்னக் கழகங்களில் மூன்று வருடம் ஆடினாராம்.

“ஓட ஏலாமப் போன பிறகுதான் அவன் நல்லாப் பந்து குடுக்கப் பழகினவன். கடைசி மட்சுக்கு நீங்களும் வந்தனீங்கள்தானே?”

கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘நீர்’ என்றவர், யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல் ‘நீங்கள்’ என்றார். அந்த ஆட்டம் நடந்தபோது நான் கைக்குழந்தை.

“ஓம், வந்தனான்” என்றேன். “உங்களுக்குப் பக்கத்திலதான் நிண்டனான்.”

அன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

பொறாமை போய்விடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது நாட்காட்டி பார்ப்பதில்லை. எழுந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தையிலிருந்து, அலெக்கின் கதையில் அன்று எந்த வருடம் என்று கண்டுபிடிக்கிறேன். அலெக் இளைஞனாக இருக்கும் காலைகளில், அந்தக் கால்கள் தனக்கே இருப்பதுபோல் இவர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே எழுந்து நிற்கப் பார்ப்பார். அலெக்கின் முழங்கால் போன பிறகான காலைகளில் என் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். அவருடைய பாரம் முழுவதும் என் மேல் இறங்கும். என் இடுப்பு நோகும்.

அந்தக் காலைகளுக்காகவே நான் காத்திருக்கிறேன்.