தோஷம் விழுந்த பட்டியல்

ராமதாஸுக்கு இலவசம் என்று எங்காவது எழுதியிருந்தால் போதும், கை துறுதுறுக்கும். கீழவாசல் பக்கம் ஒரு மொத்த மருந்துக்கடையில் முப்பத்தோரு வருஷம் பில் போட்டு ஓய்ந்து, வில்லாபுரத்தில் வீட்டோடு இருந்த மனிதர். மகன் கார்த்திகேஷ் புது லேப்டாப் வாங்கியபோது பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து இணையத்தில் எந்தச் சேவை கண்ணில் பட்டாலும் அதைச் சோதித்துப் பார்ப்பதும், ஒரு டைரியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதும் அவருடைய உத்தியோகம் ஆயிற்று. சம்பளம்தான் கிடையாது.

போட்டோவில் பின்னணியை நீக்கித் தரும் தளத்துக்கு ஆறு மார்க். அது கார்த்திகேஷின் வலது காதையும் சேர்த்து நீக்கிவிட்டது. காய்கறி கொண்டுவந்து தரும் செயலிக்கு ஐந்து. கறிவேப்பிலையைச் சும்மா கொடுக்கத் தெரியாதவனுக்கு அதற்கு மேல் எப்படிப் போடுவது? கையெழுத்தை அச்செழுத்தாக்கும் கருவிக்கு எட்டு. மொழிபெயர்ப்புத் தளத்துக்கு மட்டும் முட்டை. அதன் மொழிப் பட்டியலில் தங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தை மேலிருந்து கீழே இரண்டு முறை தேடினார். இல்லை. அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் வரன் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் சமூகத்தார் நடத்தும் வரன் மன்றத்தில் ஒரு பெரிய நோட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மேஜைமேல் விரித்து வைப்பார்கள். பெண்ணைப் பெற்றவரானாலும் பையனைப் பெற்றவரானாலும் வந்து உட்கார்ந்து அவரவர் கையாலேயே எழுதலாம், அடிக்கலாம், திருத்தலாம். பெயர், வீட்டுப்பெயர், கோத்திரம், நட்சத்திரம், தோஷம், படிப்பு, போன் நம்பர். எழுதியது யார், அடித்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. எல்லாரும் நம்மவர்கள்தானே?

ராமதாஸ் அந்த நோட்டை இணையத்தில் ஒரு கட்டம்போட்ட தாளாக ஏற்றினார். மேஜைமேல் விரித்த நோட்டு மாதிரியே, இணைப்பு கையில் இருக்கிற எவரும் திருத்தலாம் என்றும் வைத்தார். மன்றத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டைரியில் அந்தச் சேவைக்குப் பத்துக்குப் பத்து. வேறு எதற்கும் அவர் அப்படிக் கொடுத்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை, கூடப் படித்த கோகுல்நாத் போன் செய்தார்.

"ஏய்யா ராமதாஸு, எம்பொண்ணு ஸ்வர்ணாவுக்கு எப்பய்யா செவ்வா தோஷம் வந்துச்சு?"

"என்னப்பா சொல்ற?"

"உன் லிஸ்டுலதான் போட்டிருக்கு. மூணு மாசமா ஒரு போன் வரல. ஏன்னே தெரியாம முழிச்சிக்கிட்டுக் கெடந்தோம். இன்னைக்குத்தான் என் மச்சினன் பாத்துட்டுச் சொல்றான்."

"யாரோ கை வச்சிருக்காங்கப்பா. நான் பாத்துச் சரி பண்ணிடுறேன். நீ கவலப்படாத."

போனை வைத்த கையோடு லேப்டாப்பைத் திறந்தார். பெண்கள் பட்டியலில் அகர வரிசையில் எண்பத்தாறு பெயர்கள். கடைசிப் பெயர் ஸ்வர்ணா, நேராகச் செவ்வாய் தோஷம். அதற்கு மேலே வேதவல்லி, தோஷம். அதற்கும் மேலே வித்யாஸ்ரீ, தோஷம்.

ராமதாஸ் அந்தப் பெயரை மறுபடி படித்தார். வித்யாஸ்ரீ அவருடைய தங்கை வசுந்தராவின் ஒரே மகள். அவள் பிறந்தபோது ஜாதகம் கணிக்க ஜோசியர் வீட்டுக்கு நடந்தவரே இவர்தான். அவளுக்குத் தோஷமாவது, மண்ணாவது.

மேலே தள்ளிப் பார்த்தார். கடைசிப் பத்தொன்பது பெயர்களுக்கும் தோஷம். அதற்கு மேலே இருந்த அறுபத்தேழு பேருக்கும் சுத்தம், சுத்தம், சுத்தம். எந்த ஊரிலும் செவ்வாய் அகர வரிசை பார்த்துப் பெண்களைப் பிடிப்பதில்லை. பில் போட்ட மூளைக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. தோஷம் என்ற அந்த ஒரு பத்தியை மட்டும் யாரோ தனியாக அடுக்கியிருக்கிறார்கள். பெயர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, தோஷங்கள் மட்டும் மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டன.

எந்தப் படுபாவி என்று தேடினார். மன்றத்து நோட்டுக்கு இல்லாத ஒரு பழக்கம் இந்தத் தாளுக்கு உண்டு. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எதை மாற்றினார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளும். அந்த இடத்தை அழுத்தினார். நவம்பர் ஒன்பது, மாலை நாலே கால். ராமதாஸ்.

"நானா?" என்று வாய்விட்டே கேட்டார். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் 'வரிசைப்படுத்து' என்றொரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா? தோஷப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். "பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா?" என்று அது மரியாதையாகக் கேட்கத்தான் செய்தது. அவற்றை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று 'வேண்டாம்' கொடுத்தார். திரை முழுக்க சுத்தம் சுத்தம் என்று பார்க்கவே அழகாக வந்து நின்றது. திருப்தியாகக் காபி குடிக்கப் போய்விட்டார். கீழே என்ன ஆயிற்று என்று தள்ளிப் பார்க்கவில்லை.

மூன்று மாதமும் யாரும் கேட்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெண் வீட்டார் பையன்கள் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். தங்கள் பெண்ணின் வரியை எவர் போய்ப் படிக்கிறார்? பையன் வீட்டாருக்குத் தோஷம் என்று கண்டால் கண் தானாக அடுத்த பெயருக்குப் போய்விடும். போன் போட்டு விசாரிக்கிற வழக்கம் கிடையாது.

மன்றத்துப் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்பத்தாறு வரியையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திருத்தி முடித்த பிறகுதான் பயம் முழுசாகப் பிடித்துக்கொண்டது. பயம் மன்றத்தைப் பற்றியதல்ல, தங்கையைப் பற்றியது.

போன வருஷம் வித்யாஸ்ரீயைக் கார்த்திகேஷுக்குக் கேட்டுப் போயிருந்தார். தாய்மாமன் கேட்பது முறைதானே. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "கூடப் பொறந்தவங்க மாதிரியே வளந்துட்டோம் மாமா, வேண்டாம்" என்றது. கார்த்திகேஷுக்கே அது நிம்மதிதான். இவருக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று, "சரிம்மா, எந்த மகாராசன் வாரான்னு நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பத்து நாள் பேச்சில்லை. பிறகு தீபாவளிக்கு வசுந்தராவே பலகாரத் தூக்கோடு வந்தாள். எல்லாம் பழையபடி ஆயிற்று. ஆனால் வாயிலிருந்து விழுந்த சொல்லுக்கு எந்தத் தாளிலும் திருத்தம் கிடையாது. அந்தச் சொல்லையும் நவம்பர் ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

புதுத் தாள் ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதில் ஒட்டிவிட்டுப் பழையதைத் தொலைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திறக்கவும் திறந்தார். யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று ஒருவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. மன்றத்தில் இருக்கிற இன்னும் இருநூறு பேரிடம் அதையே சொன்னால் கதை முடிந்தது. ஆனால் ஸ்வர்ணாவின் அப்பா மூன்று மாதம் முழித்துக்கொண்டு கிடந்தோம் என்று சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. வசுந்தராவின் கணவர் போய் ஒன்பது வருஷம். வித்யாஸ்ரீக்கு வைகாசி வந்தால் முப்பது. புதுத் தாளை மூடினார். நடந்ததை நடந்தபடி, மன்றத்துக் குழுவுக்கு ஒரு செய்தியாகப் போனில் எழுதினார். அனுப்பவில்லை. முதலில் தங்கைக்குத் தெரியட்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டே தெரு. அன்றைக்கு அது ஊர்க்கோடியில் இருக்கிற அவனியாபுரம் வரைக்கும் நீண்டுவிட்டது போலிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. கேட்டால் வசுந்தரா அழுவாளா, கத்துவாளா? கத்தினால் தேவலை.

வசுந்தரா எப்போதும் போல, "வாங்கண்ணே" என்று சொல்லிக் காபி கொண்டுவந்து வைத்தாள். வித்யாஸ்ரீ அன்று வீட்டிலிருந்தே வேலை. கூடத்து மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரத்தில் நடந்தது. நமக்குத் தமிழில் சொன்னால் போதும்.

"வசு, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் ராமதாஸ். போனை வித்யாஸ்ரீயிடம் நீட்டினார். "நீயே படிச்சுக்கம்மா."

அவள் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "பத்தொன்பது பேருக்குமா மாமா?" என்றாள். "எனக்கு மட்டும் இல்லையா?"

"உனக்கு மட்டும்னு யாரும்மா சொன்னா?"

வித்யாஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். வசுந்தரா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"டிசம்பர்லயே பாத்துட்டேன் மாமா. தோஷம்னு இருந்ததையும் பாத்தேன், மாத்துன எடத்துல உங்க பேர் இருந்ததையும் பாத்தேன். ஆபீஸ்ல நாளெல்லாம் எனக்கு இதான வேலை. மத்தவங்க வரிய எங்க பாத்தேன்? எம்பேருக்கு நேரா அதப் பாத்ததுமே கண்ணு இருட்டிருச்சு. நீங்க வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனீங்கள்ல, அதுதான் ஞாபகம் வந்துச்சு."

ராமதாஸ் டிசம்பரிலிருந்து எண்ணத் தொடங்கினார். பொங்கலன்று இந்தக் கூடத்தில்தான் சாப்பிட்டார். போதும் போதும் என்றாலும் கேட்காமல் வசுந்தரா இரண்டாம் முறை பொங்கல் வைத்தாள். ஜனவரிக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் கொண்டுவந்தவள் இந்தப் பெண். அப்போதெல்லாம் இவர்கள் மனசில் அது இருந்திருக்கிறது.

"யார் வேணா திருத்தலாமேம்மா. நீயே திருத்தியிருக்கலாமே?"

"திருத்தத்தான் போனேன். அம்மா விடல. திருத்துனா எம்பேரு விழுகும், நாங்க பாத்துட்டோம்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோகும்னுட்டாங்க."

ராமதாஸ் தங்கை பக்கம் திரும்பினார். "தெரிஞ்சா என்ன வசு? இம்புட்டு நாளா மனசுல போட்டுப் புழுங்குனதுக்கு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

வசுந்தரா முந்தானையை எடுத்தாள். "கேட்டிருக்கலாம்ணே. கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் எனக்கு அண்ணன்னு யாரு இருக்கா?"