சீதன வீடும் ஊரடங்கும்

"ரெலிபோனத் தூக்கிக் கதைக்கிறத்துக்கா மகள் இவ்வளவு படிச்ச?" என்று கேட்டார் மாமா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். கல்முனையில் பெண்களுக்கான உதவி நிலையம் ஒன்றில் உளவளத்துணை உதவியாளராக, அதாவது தொலைபேசியில் ஆலோசனை சொல்பவளாக, வேலை கிடைத்திருந்தது.

"ஓம் மாமா, கதைக்கத்தான்" என்றேன்.

சேர்ந்து சில மாதங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது. அதற்கு முன் எங்களுக்கு அழைப்புகள் அதிகம் வந்தது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில். கணவன் பள்ளிவாசலில் இருக்கும்போதுதான் பெண்கள் மனம்விட்டுக் கதைப்பார்கள். பள்ளிவாசல்கள் மூடப்பட்டதும் அந்த நேரமும் போயிற்று. அழைப்புகள் குறைந்தன.

"சண்டையும் குறைஞ்சிட்டுப் போல" என்றார் நிலையத்தின் பொறுப்பதிகாரி மேடம். நான் நம்பவில்லை.

ஒருநாள் ரிஸ்மியா என்றொரு பெண் கிணற்றடியிலிருந்து அழைத்தாள். உடுப்புத் துவைக்கும் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு கதைத்தாள். கொழும்பு ஹோட்டலில் வேலை போய், கணவன் வீட்டோடு இருந்தான். முதலில் ஏச்சு, பிறகு அடி. அன்று காலை குறுக்கே வந்த மூத்த பிள்ளைக்கும் விழுந்திருந்தது.

மேடம் பயிற்சியில் சொல்லித்தந்ததையே சொன்னார்: "தாயையும் பிள்ளைகளையும் பாதுகாப்பு இல்லத்துக்கு எடுப்பம்." அதை ரிஸ்மியாவிடம் சொன்னேன்.

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? இது எங்க உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. வந்த மாப்புள இரிக்க, ஊட்டுக்காரி நான் எங்க போற?"

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பயிற்சிப் பாடங்களில் வந்த மனைவியோ எப்போதும் கணவன் வீட்டிலேயே இருந்தாள்.

"மேடம், வெளிய போக வேண்டியது மாப்புளதான். அவர்ர உம்மாட ஊடு ரெண்டு தெரு தள்ளித்தான் இரிக்கி."

"ஊரடங்குல எப்படிப் போற?"

"பொலிஸிட்ட நான் கதைக்கிறன்."

அனுமதி கிடைத்தது. அடுத்து, ரிஸ்மியா தந்த இலக்கத்தில் கணவனின் மூத்த சகோதரனை, அவனுடைய காக்காவை, அழைத்தேன்.

"தம்பிய ஊட்ட உட்டு வெளியேத்தினா ஊர் சிரிக்காதா தங்கச்சி?"

"புள்ளைக்கு அடிச்சது தெரிஞ்சா ஊர் என்ன செய்யும் காக்கா?"

"அவன் பொல்லாத கோவக்காரன். நான் செல்லிக் கேக்கமாட்டான்."

"தனியப் போக வேணாம். பொலிஸ் பெண்கள் பிரிவால ஆக்கள் வருவாங்க. அவரை ஏத்திட்டுப் போறது மட்டும் உங்கட வேல."

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு காக்காவும் பொலிஸாரும் போனார்கள். அவன் வாசலில் நின்று சத்தம் போட்டான். பொலிஸ் அம்மணி அசையவில்லை. கடைசியில் ஒரு பையோடு காக்காவின் மோட்டார் சைக்கிளில் ஏறினான். அன்று ரிஸ்மியா மறுபடி அழைத்தபோது விறாந்தையில் நின்று, சாதாரணக் குரலில் கதைத்தாள். அவனைத் திரும்பச் சேர்ப்பதா என்பதை அவசரப்படாமல் யோசிப்பதாகச் சொன்னாள்.

இந்த வேலைக்கு வரும் தங்கைமாருக்குச் சொல்கிறேன்: "எங்கே போவீர்கள்?" என்று கேட்குமுன் "வீடு யாருடையது?" என்று கேளுங்கள்.

எல்லா மாப்பிள்ளைமாருக்கும் தாய்வீடு இரண்டு தெரு தள்ளி இருப்பதில்லை. அவர்களுக்கு இடமில்லையென்றால் மறுபடியும் பெண்தான் படியிறங்குவாள். அதனால் அப்படியான மாப்பிள்ளைமாரைத் தங்கவைக்கப் பள்ளிவாசல் நிர்வாகம் ஒன்றிடம் ஓர் அறை கேட்டேன். தந்துவிட்டார்கள். நேற்று இரண்டு கட்டில்கள் போட்டாயிற்று. சாவி என் கைப்பையில் இருக்கிறது.