சொல்லுற சட்டம்

ரெக்ஸ்டேலில் ஒரு ரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே இருந்த சிறிய அறைதான் எங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம். மதியமானால் ஒரு சுவர் வழியாகக் கறி வாசமும் மறு சுவர் வழியாகப் பல் துளைக்கும் சத்தமும் வரும். என் வாழ்க்கையின் நல்ல வருடங்களை நான் அந்த அறையில்தான் கழித்தேன்.

வேலைக்கான நேர்காணலில் உறுப்பினர் என்னிடம் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இந்தப் பகுதியில் உனக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டார். எனக்குத் தமிழ் தெரியும் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் போன நான் கொஞ்சம் திகைத்தேன். பிறகு, பல்கனிக் கம்பியைக் காலையில் துடைத்தால் பின்னேரத்துக்குள் கறுத்துவிடுகிறது, துடைத்துத் துடைத்துக் கை அலுத்துவிட்டது என்றேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எந்தத் தெரு, எந்த மாடி, பெருந்தெருவைப் பார்த்த பக்கமா, பிள்ளைகள் இருமுகிறார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அவர் அரசியலுக்கு வருமுன் தாதியாக இருந்தவர். மூச்சு முட்டி வருகிற பிள்ளைகளின் வார்டில் வேலை. "மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். அடுத்த மாதம் அதே பிள்ளை திரும்பி வரும். பிள்ளை சுவாசிக்கிற காற்றை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எப்படிக் குணமாக்குவது?" என்று ஒருமுறை சொன்னார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கட்டளையிட்டார். என் வாய்க்கு அது வர ஒரு வருடத்துக்கு மேலானது. அதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவேன்.

சனங்கள் வருவது வேறு அலுவல்களுக்காக. சுகாதார அட்டை, வாடகை, மின்சாரக் கட்டணம். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கடைசியில் "வீட்டுச் சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா?" என்று கேட்பார். அதை நான் தமிழாக்கும்போது, "உவவுக்கென்ன, நான் கார்ட் எடுக்க வந்தனான்" என்று எரிச்சல்படுவார்கள். பிறகு ஓம், குளியலறையில் இருக்கு என்பார்கள். அவர் அடுத்த வாரமே அந்தக் கட்டடத்தில் நிற்பார். காடு, பனிக்கரடி என்றெல்லாம் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவருடைய சுற்றுச்சூழல் எங்கள் குளியலறையிலும் பல்கனியிலும்தான் இருந்தது.

என் கணவர் அப்போது உலோகப் பொருட்களுக்கு முலாம் பூசுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் அபார்ட்மென்ட் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஓடை உண்டு. அந்த ஓடையோரமாக மேலே நடந்தால் தொழிற்சாலையின் பின்மதில் வரும். கோடை தொடங்கிவிட்டால் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஓடையில்தான்.

அப்படி ஒரு கோடையில், ஒரு பின்னேரம் என் கணவர் வேலையால் வந்து, போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார்.

"இஞ்சேரும், பிள்ளையளை உந்த ஓடைப் பக்கம் விடாதேயும்."

"ஏன், என்ன நடந்தது?"

"முலாம் பூசுற மருந்துத் தாங்கி ஒண்டு வெடிச்சுப் போச்சு. மருந்துத் தண்ணி முழுக்க ஓடைக்குப் போற வடிகாலுக்கை போயிட்டுது. மனேஜர் சுற்றுச்சூழல் அமைச்சுக்கு அறிவிச்சிட்டார். ஆனா இஞ்ச இருக்கிற சனத்துக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லை."

"நான் ஒபிசிலை சொல்லட்டே?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சொல்லும். ஆனா நான் சொன்னதெண்டு வரக்கூடாது. எங்களுக்கு உந்த வேலை ஒண்டுதான் இருக்கு."

குசினியில் நின்றபடியே உறுப்பினருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "உன் கணவருக்கு ஒன்றும் இல்லையே? கண்ணில், கையில் ஏதும் பட்டதா?" என்பதுதான். இல்லை என்றேன். "நல்லது. இதை யார் சொன்னார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் ஓடைக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. தண்ணீர் பாசிப்பச்சையும் இல்லாத, மரகதப்பச்சையும் இல்லாத ஒரு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கரையோரப் புல்லில் ஒரு வாத்து செத்துக் கிடந்தது. அவர் நடைபாதையின் குறுக்கே நின்று, பிள்ளைகளோடும் நாய்களோடும் வருகிறவர்களை ஒவ்வொருவராக மறித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு அண்ணை காலை நடைக்கு வந்தார்.

"என்ன பிள்ளை, உந்த வெள்ளைக்கார மனுசி ஏன் வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறா?"

"தண்ணியிலை மருந்து கலந்திட்டுது அண்ணை. ஒருத்தரும் இறங்க வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்களே பாருங்கோவன்."

அவர் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து எங்களோடு நின்றுகொண்டார். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பல காலம் வேலை செய்தவர். அங்கே பழகிய பஞ்சாபியில், அந்த வழியாக வந்த தலைப்பாகைக்காரர்களை எல்லாம் அவரே மறித்து விளங்கப்படுத்தினார். உறுப்பினருக்கு அது ஒரே சந்தோசம்.

உறுப்பினர் கேட்டதற்கு மதியத்துக்குள் அமைச்சிலிருந்து பதில் வந்தது. ஆம், கசிவு நடந்தது, எங்களுக்கு நேற்றே தெரியும் என்றார்கள். யார் சொன்னது என்ற கேள்வியே எழாதபடி அவர் அமைச்சின் வாயாலேயே அதைச் சொல்ல வைத்துவிட்டார். ஆனால் தொலைபேசியை வைத்தபோது அவருடைய முகம் சிவந்திருந்தது. "அமைச்சுக்குத் தெரியும். நகரசபைக்குத் தெரியும். தண்ணீரில் நிற்கிற பிள்ளைக்குத் தெரியாது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றுக்குக் கட்டிய பலூன்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. தாய்மார் நிறையப் பேர் வந்தார்கள். பின்வரிசையில் தொழிற்சாலை ஆட்கள் வந்து இருந்தார்கள். அவர்களுக்குள் என் கணவரும் இருந்தார். வரப்போவதாக அவர் என்னிடம் சொல்லவில்லை.

தாய்மார் பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு தமிழ்ப் பெடியன் எழும்பினான். "அக்கா, உவவிட்டைக் கேளுங்கோ. பக்ரறியைப் பூட்டப் போறாவோ? பூட்டினா எங்களுக்கு ஆர் சோறு போடுறது?"

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் முதலாளி மூடமாட்டார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் என்னால் முடியாது."

அந்தப் பதில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மண்டபம் இரைந்தது. முன்னால் இருந்த ஒரு தாய் திரும்பி, உங்களுக்குப் பிள்ளையைவிட வேலை பெரிசோ என்று கேட்டார். பெடியன் பதிலுக்குக் கத்தினான். அப்போதுதான் என் கணவர் எழும்பினார். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை அவர். கோயிலில்கூடக் கடைசித் தூணோடு நிற்பவர்.

"நானும் அங்கைதான் வேலை செய்யிறன். இந்தக் கட்டடத்திலைதான் இருக்கிறன். எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு. பக்ரறியைப் பூட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. நடந்தா உடனை வந்து சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறம். சொல்லுறதுக்கு என்ன செலவு?"

அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் நான். 'எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு' என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. உறுப்பினர் என்னைப் பார்க்கவில்லை. நான் முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைசிக் கேள்வியை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் நாங்கள் வீட்டில் பயந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் என் கணவரைத் தொழிற்சாலையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வருடங்கள் போய் அந்தத் தொழிற்சாலை பெரிய இடம் தேடிப் பிறம்ரனுக்கு மாறியது. அவரும் கார் எடுத்து அங்கேயே போய் வந்தார்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் உறுப்பினருடைய சட்டமூலம் பிறந்தது. நீரிலோ காற்றிலோ நச்சுப் பொருள் கலந்தால், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உடனே அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான் விசயம். அதன் உண்மைப் பெயர் நீளமானது. எங்கள் சனங்கள் அதற்குச் 'சொல்லுற சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன பிள்ளை, சொல்லுற சட்டம் எந்த மட்டிலை?" என்று ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள்.

அது எந்த மட்டிலும் இல்லை. அரசாங்கம் கொண்டுவராமல் ஓர் உறுப்பினர் தானாகக் கொண்டுவருகிற சட்டமூலம் கரை சேருவது அரிது. முதல்முறை சட்டமன்றக் குழு வரைக்கும் போனது. தேர்தல் அறிவித்து மன்றம் கலைந்ததும் அதுவும் செத்துவிட்டது. இரண்டாம் முறை வாக்கெடுப்பிலேயே தோற்றது. அன்றைக்கு எங்கள் கட்டடத்துத் தாய்மார் சிலரைச் சட்டமன்றம் இருக்கிற குயின்ஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து, மேல்மாடத்தில் வரிசையாக இருந்தார்கள். முடிவு அறிவித்ததும் ஒருவர் என் காதில், "வெண்டிட்டமோ?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். "பிறகேன் எல்லாரும் மேசையிலை தட்டுகினம்?" என்றார்.

மூன்றாம் முறை அவர் கொண்டுவந்ததை அரசாங்கம் தன்னுடைய பெரிய சட்டமூலம் ஒன்றுக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டது. அவருடைய வசனங்கள் சில அப்படியே இருந்தன. அமைச்சர் பேசினார்; நன்றி சொன்னார்; இவருடைய பெயரைச் சொல்லவில்லை. இவர் எழும்பி ஆதரித்து வாக்களித்தார். சட்டம் நிறைவேறியதும் அமைச்சரிடம் போய்க் கை குலுக்கியதை மேல்மாடத்திலிருந்து பார்த்தேன்.

இருவரும் காரில் திரும்பினோம். ரெக்ஸ்டேலுக்குக் கிட்ட வந்ததும், "பெயரைச் சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ரொட்டிக் கடையில் நிறுத்தி அலுவலகத்தில் எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கினோம். அவர் இரண்டை நின்றபடியே சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கியது என்றார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றுப்போனார். அந்த முறை சனங்களின் கவலை வாடகையும் சாமான் விலையும். அதில் பிழையில்லை என்று அவரே சொன்னார். மறுநாள் காலை பெட்டிகள் கட்டுவதற்காக அலுவலகத்துக்கு வந்தோம். கதவு திறந்திருந்ததைக் கண்டு ஒரு வயதான அன்ரி உள்ளே வந்துவிட்டார். சுகாதார அட்டை தொலைந்துபோய்விட்டதாம். இனி நாங்கள் இல்லை என்று நான் சொல்ல வாயெடுக்க, அவர் கதிரையை இழுத்துப் போட்டு அன்ரியை இருத்தினார். தொலைபேசியை எடுத்துக் காத்திருந்து, அலுவலை முடித்துக் கொடுத்தார். பிறகு வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கேட்டேன்: "அன்ரி, வீட்டுச் சுவரிலை பூஞ்சணம் இருக்கோ?"

இப்போது அவர் விட்பி நகரில் மகளோடு இருக்கிறார். நடை குறைந்துவிட்டது. நான் வேறோர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலை நல்லது, கதவுகள் கண்ணாடி, ஒரு வாசமும் வராது. சில மதியங்களில் அந்தப் பல் துளைக்கிற சத்தம்கூட மனதுக்கு வேண்டியிருக்கிறது.

போன வசந்தத்தில் எங்கள் கட்டடத்தின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மேலே எங்கோ எண்ணெய் கசிந்திருக்கிறது, ஓடைப் பக்கம் போகவேண்டாம். என்னோடு நின்றவர், "உதுகளுக்கு வேலையில்லை, சும்மா சனத்தைப் பயப்படுத்துறது" என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறிப்போனார். நான் வீட்டுக்கு வந்ததும் விட்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"எந்த மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"ஆங்கிலத்தில் மட்டும்."

"உங்கள் கட்டடத்தில் அது போதாதே. உன்னுடைய சட்டமன்ற உறுப்பினருக்குத் தொலைபேசி எடு."

எடுத்தேன். மறுமுனையில் அந்த அலுவலகத்து இளம் பெண் ஒருத்தி, என் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டு, என் தெருவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.