உள்ளே இருப்பவர் கையில் ஃப்யூஸ்

பக்கத்துக் கடை அக்காவின் முகத்தைவிட அவளுடைய பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கார்களுக்குப் பாட்டுப்பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக் கொடுக்கிற கடை அவர்களுடையது. வாசலில் ஏதாவது ஒரு காரின் கதவு திறந்திருக்கும். சீட்டின் முதுகுமேல் இரண்டு பாதங்கள் தொங்கும். தலை கீழே, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் எங்கேயோ கிடக்கும். நான் கார்களுக்கு சீட் கவர் தைப்பவள். என் தையல் மிஷின் அவர்கள் வாசலைப் பார்த்தபடி இருப்பது தற்செயல் இல்லை, நான்தான் திருப்பிப் போட்டேன். நாள் முழுக்க ரெக்சினையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மண்டை காய்ந்துவிடும்.

அவர்கள் தொழிலில் தண்ணி காட்டுகிற இடம் ஒன்று உண்டு. பேட்டரி முன்னால், பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆம்ப் உள்ளே, சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ உட்காரும். நடுவில் ஒரு தகரச் சுவர். எஞ்சின் சூடும் புகையும் நம் காலுக்கு வராமல் தடுக்கிற அதை ஃபயர்வால் என்பார்கள். சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிவப்பு வயரை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தால்தான் ஆம்புக்கு உயிர். டிரில்லை எடுத்து ஒரு ஓட்டை போட்டால் வேலை முடிந்ததே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஏதோ கொலை செய்யச் சொன்னவளைப் போலப் பார்த்தாள்.

"கார் செஞ்சவங்க எங்கயாவது ஒரு வழி விட்டிருப்பாங்கடி. தேடணும்."

தேடுவாள். தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் அந்தத் தகரத்தைத் தடவிக்கொண்டே போவாள். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள ஊர்களுக்கும் வலப்பக்கம் உள்ள ஊர்களுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சுவரைத்தான் அடிப்பார்களாம். வேண்டாத பக்கத்து ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிடுவார்களாம். அந்த மூடி விரலில் தட்டுப்பட்டதும் அக்காவின் கால் கட்டைவிரல்கள் ஆடும். முகம் தெரியாத எனக்கு அதுதான் தகவல். யாரோ, எந்த ஊரிலோ, யாருக்காகவோ வைத்த வழி நம் கைக்குக் கிடைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறம் அவள் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், எஞ்சின் பக்கமிருந்து ஒரு விறைப்பான கம்பியில் வயரைக் கட்டித் தள்ளுவார். அவள் உள்ளிருந்து இழுப்பாள். ஒரு சுண்டு சுண்டினால் நிறுத்து. இரண்டு சுண்டினால் விடு. வாய் வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது ஃப்யூஸ்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்த வயரில் ஒரு ஃப்யூஸ் போட வேண்டும். அது இல்லாதவரை வயர் பிணம். எல்லா முனையையும் முறுக்கி முடித்த பிறகு, கடைசி வேலையாக அதைச் செருக வேண்டும். பேட்டரிப் பக்கம் நிற்பவர் அண்ணன். அப்படியானால் ஃப்யூஸ் அவர் கையில்தானே இருக்க வேண்டும்? இருக்காது. அக்காவின் கழுத்தில் ஒரு சின்னப் பை தொங்கும், மிச்ச ரெக்சினில் நான் தைத்துக் கொடுத்தது. ஃப்யூஸ் அதற்குள். உள்வேலை எல்லாம் முடித்து, ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு முன்பக்கம் போய், அவளே தன் கையால் செருகுவாள். அண்ணன் ஒதுங்கி நிற்பார். செருகிய கையோடு அக்கா கடையின் பின்கட்டுக்குக் கை கழுவப் போய்விடுவாள். பாட்டைப் போட்டுப் பார்ப்பது அண்ணன் மட்டும். அவள் வரும்போது பாட்டு முடிந்திருக்கும்.

தெருவில் அவளுக்கு 'ஃப்யூஸ் அக்கா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். புருஷனை நம்பி ஒரு ஃப்யூஸைக்கூடக் கொடுக்காதவள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அதற்குத் தோதாக அண்ணனின் மோதிர விரலில் மோதிரம் இல்லை. மோதிரம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த ஒரு வளையம் மட்டும். ஒருநாள் மெல்ல அவர் வாயைக் கிளறிப் பார்த்தேன். இளைத்துவிட்டேன், கழன்று விழுந்துவிட்டது என்றார். அவர் வயிற்றைப் பார்த்தேன். இளைத்தவர் வயிறு மாதிரி தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். அண்ணன் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். அவள் தன் ரேடியோவைத் திரும்பத் திரும்ப அதே கோளாறோடு கொண்டுபோயிருக்கிறாள். கடைசியில் அண்ணன், "இத நீங்களேதான் கழட்டி விடறீங்க" என்று கண்டுபிடித்துச் சொன்னாராம். ஆமாம், உள்ளே பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசை என்றாளாம். அப்படிப்பட்ட பாட்டுப் பைத்தியம், தன் கையால் மாட்டிய ஆம்பில் வருகிற முதல் பாட்டை மட்டும் ஏன் நின்று கேட்பதில்லை? எனக்கு மண்டைக் குடைச்சல்.

அப்போதுதான் அக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. கை பாதிக்கு மேல் தூக்கவில்லை. எலும்பு மருத்துவர், தோள் இறுகிவிட்டது, சரியாக மாதங்கள் ஆகும், இனிமேல் தலைகீழாகத் தொங்குகிற வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உள்ளே போகிறேன், நீ பேட்டரிப் பக்கம் நில் என்றார். இதைவிடச் சுலபமான தீர்வு இருக்க முடியாது. அக்கா முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் வந்ததும் வராததுமாக டிரில்லைக் கையில் எடுத்தான். அக்கா அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டாள். அப்புறம் வந்த கார்களெல்லாம் திரும்பிப் போயின. எதிரே இருந்த டயர் கடைக்காரர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. அண்ணன் டயர் கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புருஷன் உள்ளே போனால், அவர்கள் வழக்கப்படி உள்ளே இருப்பவர் கைக்கு ஃப்யூஸை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காக ஒரு கடையையே மூடுவார்களா?

தோள் தூக்காததால் அக்காவால் தலை பின்ன முடியவில்லை. அண்ணன் முயற்சி செய்தார். வயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் முடியை இறுக்கி, மிச்சத்தைக் கட்டரால் வெட்டி அனுப்பியிருந்தார். நல்லவேளை, வெட்டியது பட்டையை மட்டும்தான். அதிலிருந்து காலையில் என் கடைக்கு வருவாள், நான் பின்னிவிடுவேன். பின்னல் போடும்போது பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கையில் ஃப்யூஸைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன்.

 அக்கா சொன்னாள். கடை திறந்து வந்த முதல் கார். அன்றைக்கு உள்ளே இருந்தவர் அண்ணன், பேட்டரிப் பக்கம் நின்றவள் அவள். கார் சொந்தக்காரர் பாட்டுத் தட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொந்தக் கடையில் வரப்போகிற முதல் பாட்டு. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணன் இன்னும் போடு என்று சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று செருகிவிட்டாள். உள்ளே அவர் சிவப்பு வயரின் முனையை ஆம்பில் திருகிக்கொண்டிருந்தார். மோதிரம் ஒரு பக்கம் வயரையும் மறுபக்கம் காரின் இரும்பையும் தொட்டுவிட்டது. ஃப்யூஸ் எரிந்து போவதற்குள் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிட்டது. மருத்துவமனையில் அதை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். இனி உள்ளே இருப்பவர் கையில்தான் ஃப்யூஸ் என்று ஒரு சட்டம் மட்டும் போட்டார். அடுத்த கார் வந்தபோது அவருக்கு முன்னால் அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதோடு அவரை உள்ளே விடவே இல்லை.

"அவர நம்பாம இல்லடி. என் கைய நம்பல. அவர் உள்ள இருந்து நான் வெளிய நின்னா, மறுபடியும் போட்டுடுவேனோன்னு இருக்கு."

 அழகாகக் கட்டி வைத்திருந்த என் கதை பொசுக்கென்று போய்விட்டது. வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பின்னலை இறுக்கிவிட்டேன் போல, அக்கா வலிக்கிறது என்றாள்.

என் வாய் சும்மா இருக்கிற வாயா? மத்தியானம் அண்ணனைப் பிடித்து, அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அந்த வெளுத்த விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அவள் பயந்தது மறுபடி அவருக்கு அடிபட்டுவிடும் என்றுதான் என நினைத்திருந்தாராம். தன் கைக்கே அவள் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாதாம்.

மறுநாள் பேக்கரிக்காரரின் கார் வந்தது. பழைய வாடிக்கையாளர், வேறு கடைக்குப் போக மாட்டேன் என்கிறவர். அக்கா வேலை எடுப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் பானெட்டைத் திறந்து பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டார். மேசையிலிருந்த ஃப்யூஸை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சட்டப்படி அது உங்ககிட்டதான் இருக்கணும்," என்றாள் அக்கா.

"உள்ள இருக்கப்போறது நான். அது யார்கிட்ட இருக்கணும்னு நான்தான் சொல்வேன்," என்றார் அண்ணன். அவள் கையை நீட்டவில்லை. கழுத்தில் தொங்கிய பையைத் திறந்து அவரே உள்ளே போட்டு மூடினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு காருக்குள் புகுந்தார். அந்த வயிற்றோடு அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்ததைப் பார்த்து பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

அக்கா இடது கையால் எஞ்சின் பக்கமிருந்து சுவரைத் தடவினாள். உள்ளிருந்து பழகிய சுவர், வெளியிலிருந்து அவளுக்குப் புதிது. வெகுநேரம் தடவினாள். பிறகு அவள் செருப்புக்குள் கட்டைவிரல்கள் ஆடின, எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூடியைத் துளைத்து, வயர் தகரத்தில் உரசி அறுபடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் வைத்து, கம்பியைத் தள்ளினாள். உள்ளிருந்து ஒரு சுண்டல். நிறுத்தினாள். இரண்டு சுண்டல். விட்டாள். சிவப்பு வயர் சரசரவென்று சுவருக்குள் போய் மறைந்தது. பேட்டரி முனையை அவளே முறுக்கி, கழற்றியிருந்த இணைப்பையும் திரும்ப மாட்டினாள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

அண்ணன் சீட்டுக்கு அடியில் ஆம்பை முடித்துவிட்டு, போடு என்று குரல் கொடுத்தார்.

அக்கா போடவில்லை. பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.  அவர் இன்னொரு முறை சொன்னார். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"ரெண்டு கையையும் வெளிய காட்டுங்க," என்றாள் அக்கா.

ஜன்னல் வழியாக இரண்டு கைகள் வெளியே வந்தன. விரல்களை விரித்துக் காட்டினார். அந்த வெளுத்த வளையம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. அக்கா சுற்றி வந்து அந்தக் கைகளைக் கிட்டத்தில் பார்த்தாள். திரும்பி முன்னால் போனாள். இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். கைகள் அங்கேயே இருந்தன. செருகினாள்.

ஒன்றும் ஆகவில்லை. பேக்கரிக்காரர் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். பாட்டு வந்தது. ஏதோ பழைய பாட்டு. என் கடைக் கண்ணாடி வரைக்கும் அதிர்ந்தது. நான் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை.

பல்லவி முடிந்தும் அண்ணனின் கைகள் ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தன.

"இறக்கலாமா? தோள் வலிக்குது," என்றார் உள்ளிருந்து.

"இருங்க. பாட்டு முடியட்டும்."

அக்கா கை கழுவப் போகவில்லை. கருத்த விரல்களோடு அந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.