சட்டத்தைச் சந்தேகித்த மலர் அக்கா

மலர் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவன் ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் இருக்கும் என் நண்பன் தயாளன். வேலைக்குப் போக ரயிலுக்காக நின்றிருந்தேன். "மச்சான், மலர் அக்கா போட்டா" என்றான்.

"ஆர் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். உயிரோடு இருக்கிறவர்களையும் அவசரப்பட்டு அனுப்பிவைத்த வரலாறு அவனுக்கு உண்டு. அக்காவின் தங்கையை அழைத்து உறுதிசெய்துகொண்ட பிறகே அழுதேன். இந்த ஒழுங்கை அக்கா மெச்சியிருப்பார்.

உங்களில் பலருக்கு அவர் ரொம்சோஸில் இருந்த, எதற்கும் கேள்வி கேட்கும் பெண்மணி. கல்லூரியில் சட்டம் படிப்பித்தார். அவருடைய துறை அமெரிக்காவின் வாக்குரிமைச் சட்டம். நோர்வேயில் இருந்துகொண்டு இவருக்கு ஏன் அமெரிக்கா என்பது ஒஸ்லோத் தமிழரின் தீராத சந்தேகம். அங்கே குடியேறப் பச்சை அட்டைக்கு அடிபோடுகிறார் என்று ஒரு கதை உலாவியது. நானும் அதைச் சில வீடுகளுக்கு இலவசமாக விநியோகித்தேன்.

ஒருமுறை தயாளன் வீட்டுப் பிறந்தநாளில், ரோல்ஸும் கையுமாக அவன் அக்காவைச் சீண்டினான். "கறுப்பினச் சனத்துக்கு வாக்கில்லை எண்டு அங்கை சட்டத்திலை எழுதியிருந்ததோ?"

"இல்லையடா. நிறம் பார்த்து வாக்கை மறுக்கக்கூடாது எண்டுதான் அரசியலமைப்பிலை எழுதியிருந்தது. அதாலை தென் மாநிலக்காரர் நிறத்தைப் பற்றி வாயே திறக்கேல்லை. வாசிக்கத் தெரியவேணும் எண்டு மட்டும் சொல்லிச்சினம். வெள்ளைக்காரர் வந்தால் ஒரு சின்ன வசனம். கறுப்பினத்தவர் வந்தால் அரசியலமைப்பிலை முழுப் பந்தி. சரி பிழை சொல்லுறவரும் வெள்ளைக்காரர்."

"அப்ப வாசிக்கத் தெரியாத வெள்ளைக்காரர்?"

"அவையின்ரை பாட்டன் வாக்குப் போட்டிருந்தால் சோதினையே இல்லை எண்டு இன்னொரு விதி. கறுப்பினத்தவரின்ரை பாட்டன்மார் அடிமையள். வடிவா யோசிச்சுத்தான் செய்தவை."

அறுபத்தைந்தாம் ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு பகுதி மீது அவருக்குக் காதல் என்றே சொல்லலாம். முன்பு இப்படி விளையாடிய மாநிலங்கள், தேர்தல் விதி எதையும் மாற்றுவதற்கு முன் மத்தியில் அனுமதி பெறவேண்டும். அந்த மாற்றம் எவரின் வாக்கையும் நிறம் பார்த்துப் பறிக்காது என்பதை, மாற்றுகிறவரே நிரூபிக்க வேண்டும். "சட்டம் சந்தேகப்படப் பழகின இடம் அது" என்பார். பின்னாளில், காலம் மாறிவிட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செயலிழக்க வைத்தபோது, துக்க வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். "களவு குறைஞ்சிட்டுதெண்டு காவல்காரனை வீட்டை அனுப்பீட்டினம்" என்றார்.

பிறகு வந்தது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். ரொம்மனில், பள்ளி மண்டபத்தில். இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் செயற்குழுத் தேர்தலில் நிற்கப்போவதாகக் கதை அடிபட்ட நேரம். தலைவர் புதிய விதி ஒன்றை வாசித்தார். இனிமேல் செயற்குழு கொடுக்கும் தமிழ்ப் பந்தியைப் பிழையின்றி வாசிப்பவருக்கே வாக்கு. ஆரம்பகால உறுப்பினருக்கு விலக்கு. எல்லாம் தமிழை வளர்க்க. மண்டபம் கைதட்டியது. விலக்குப் பெற்றவர்கள்தான் மண்டபத்தில் அதிகம். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த என் மகள் தட்டவில்லை. நன்றாகத் தமிழ் கதைப்பாள். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து இறங்கி ஏறுவாள்.

அக்கா எழுந்தார். "பந்தியைத் தெரிவு செய்யிறது ஆர்?"

"செயற்குழு."

"பிழை பிடிக்கிறது?"

"செயற்குழு."

"பிறகேன் மினக்கெடுவான்? வாக்கையும் செயற்குழுவே போடட்டும்."

சிரிப்பு அடங்கியதும், அக்காவின் அமெரிக்கக் கதைகளை முன்பே கேட்டிருந்த தலைவர் முகம் சிவந்து கேட்டார். "அக்கா, எங்களை இனவெறியர் எண்டுறியளோ?"

"இல்லைத் தம்பி. அமெரிக்காவிலை அந்தத் தென் மாநிலக்காரரும் தங்களை அப்பிடிச் சொல்லேல்லை. இந்த விதியாலை வாக்கை இழக்கிறவை ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ. பிறகு கைதூக்குவம்."

"ஒருத்தரும் இழக்கமாட்டினம்."

"நான் இழப்பன்" என்று என் மகள் எழுந்தாள். பின்வரிசையில் கதிரைகள் ஒவ்வொன்றாக உராய்ந்தன. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். நான் தட்டிய கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விதி ஒத்திவைக்கப்பட்டது.

ரயிலடிக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா, தலைவர் கதிரையிலை ஒரு கண்ணோ?"

கோபிப்பார் என்று பயந்தேன். மகிழ்ந்தார். "சந்தேகப்பட்டியே? நல்லது. நாளைக்கு நான் தலைவரானால் என்னட்டையும் இதைத்தான் கேக்கவேணும்." சற்று நடந்துவிட்டுச் சொன்னார். "அப்பா இலங்கையிலை தபால் கந்தோரிலை இருந்தவர். அரச வேலைக்குச் சிங்களம் கட்டாயம் எண்டு வைச்ச சோதினையை எழுதமாட்டன் எண்டு வேலையை விட்டவர். நாங்களே எங்கடை பிள்ளையளுக்குச் சோதினை வைக்கிறம், பாத்தியே." பிறகு வழக்கமான குரலுக்குத் திரும்பினார். "ஒத்திவைச்சது செத்துப்போகேல்லை. படுத்திருக்கு."

போன ஞாயிறு அவருக்கான இரங்கல் கூட்டத்தில் அது எழுந்து உட்கார்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் தமிழ்ப் பற்றைப் புகழ்ந்துவிட்டு, அவருடைய நினைவாக அடுத்த கூட்டத்தில் வாக்காளருக்கு ஒரு வாசிப்புத் தேர்வு முன்மொழியப்படும் என்றார். தேர்வுக்கு அக்காவின் பெயரே வைக்கப்படுமாம். கண்ணீர் உண்மையானது என்றே நினைக்கிறேன். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

நான் எழுந்தேன். நகைச்சுவையாக ஏதோ சொல்லப்போகிறேன் என்று சிலர் முன்கூட்டியே புன்னகைத்தார்கள்.

"இதாலை வாக்கை இழக்கிறவை ஆர்?"

"அண்ணை, இண்டைக்கு வேண்டாமே" என்றார் தலைவர்.

"அக்காவின்ரை படம் பாத்துக்கொண்டிருக்குது. இண்டைக்கே சொல்லுங்கோ."

தேர்வுக்கு அக்காவின் பெயரை வைக்கக்கூடாது என்று அவருடைய தங்கை முன்வரிசையிலிருந்து சொன்னார். பெயர் போய்விட்டது. தேர்வு இன்னும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நானும் மகளும் அந்தக் கூட்டத்துக்குப் போவோம்.

நான் உட்காரும்போது பின்னாலிருந்து தயாளனின் குரல் கேட்டது. "இவன் தலைவராகப் பாக்கிறான் போலை." அடுத்த நாளே அந்தக் கதை ஸ்தோவ்னர்த் தமிழர் வரை போய்விட்டதாம். நான் மறுக்கவில்லை. அக்கா விட்டுச்சென்றவற்றில் என் பங்கு அந்தச் சந்தேகம்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.