மீன் பிடிக்காதவன்

கிளைட்டன் வேலைக்குச் சேர்ந்த அன்றே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகம் அது. பத்திரங்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் இருந்தன. அதைக் கட்டி ஆண்டவர் மகாராஜன். புதிதாக வருகிறவனிடம் எந்த ஷெல் வேண்டும் என்று கேட்பார். ஷெல் என்றால், கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல். அதில் பல வகை. ஒவ்வொன்றின் பேச்சும் கொஞ்சம் வேறு.

"ஏலே, இங்கன எல்லாரும் ஃபிஷ்ங்கிற ஷெல்தாம் வச்சிருக்கோம். நீ பாதி தட்டுனா மீதிய அதே எடுத்துக் குடுத்திரும். போட்டுரட்டா?"

ஃபிஷ் என்றதுமே கிளைட்டனுக்கு உடம்பு கூசியது. அம்மா அந்தோணியம்மாள் மீன் விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தாள். பேருந்தில் மீன் வாடை தாங்காமல் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து போனதையெல்லாம் அவன் மறக்கவில்லை. மீன் பேச்சே இல்லாத ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இந்த வேலையில் அது கிடைத்துவிட்டது என்று நம்பினான், பாவம்.

"வேண்டாம் அண்ணாச்சி. பாஷ் ஷெல் போதும். எனக்கு ஃபிஷ் பிடிக்காது."

மகாராஜன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியளா? மீன் பிடிக்காதவனாம்ல! ஒங்க தெருவுல அப்படியும் ஒருத்தனா?"

அன்றிலிருந்து அதுவே அவனுக்குப் பெயர். அவன் டப்பாவைத் திறந்தால், உள்ளே தயிர்ச்சோறு இருந்தாலும் நாலு பேர் மூக்கைப் பொத்துவார்கள். படித்தவர்கள்தான், எல்லாரும்.

ஒரு நாள் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய கோப்புகளை அழிக்கச் சொல்லி மகாராஜன் இரண்டு வரிக் கட்டளையை அவனுக்கு அனுப்பினார். முதல் வரி, அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு ஒரு சுருக்கப் பெயர் வைப்பது. இரண்டாவது, அந்தப் பெயருக்குக் கீழே இருப்பதையெல்லாம் அழிப்பது. ஃபிஷ் பேச்சில் எழுதியது. பாஷில் ஓடுமா என்று கிளைட்டனுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் மறுபடி மீனில் தொடங்குவார்களே என்று பேசாமல் என்டரைத் தட்டினான்.

பாஷ் முதல் வரியை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது. தப்பு என்று ஒரு முனகல்கூட இல்லை. பெயர் காலியாகவே நின்றது. காலிப் பெயர் என்றால் ஃபிஷ் எதையும் தொட்டிருக்காது. பாஷோ அதை முழுக் கணினி என்று எடுத்துக்கொண்டு, உச்சியிலிருந்து கைக்கு எட்டியதையெல்லாம் அழித்தது. எட்டாதது குறைவு, ஏனென்றால் மகாராஜன் சோம்பேறித்தனமாக எல்லாருக்கும் எல்லாக் கோப்புகளிலும் கைவைக்க அனுமதி கொடுத்துத் திறந்துவிட்டிருந்தார். நகல் வைத்த வட்டும் அதே கணினியில்தான் மாட்டியிருந்தது. சர்வர் பிழைத்தது. பத்திரங்கள் போய்விட்டன.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மகாராஜன் முந்திக்கொண்டார். "நான் அனுப்புனது சரிதான் சார். எல்லாருக்கும் ஓடுது. இவன்தான் வேற ஷெல்ல வச்சிருக்கான்."

பொய் இல்லை. பொய்யாக இருந்தால் மறுத்திருக்கலாம். திறந்துவிட்ட கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"எல்லாரும் வச்சிருக்கத நீ ஏன்டே வைக்கல? ஒழுங்கா ஒரு காரணம் சொல்லு, வேலைல வச்சுக்கிடுதேன்," என்றார் முதலாளி.

கிளைட்டனுக்கு வேலை வேண்டுமே. அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்.

"அதுக்குப் பேரு மீன் சார். எங்கம்மா மீன் விக்கா."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒங்கம்மா மீன் வித்தா ஒனக்கு என்னடே?" என்றார், நிஜமாகவே கேட்பவராக. பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. இவனுக்கு மண்டை சரியில்லை என்று முடிவு செய்துவிட்டு அவர் எழுந்து போனார்.

கிளைட்டன் இருக்கைக்கு வந்து கடவுச்சொல்லைத் தட்டினான். இந்தக் கணக்கு இப்போது இல்லை என்று ஒரு வரி வந்தது. திரை அவனை வெளியே தள்ளியது. மறுபடி தட்டினான்.

"தட்டாதலே," என்றார் மகாராஜன், தலையைத் தூக்காமல். "ஒனக்கு ஷெல்ல மாத்திட்டேன். 'நோ-லாகின்'னு பேரு. யாரையும் உள்ள விடாது. இதுல மீன் நாத்தம் கெடையாது."