டி டிரைவில் இடமில்லை

முந்திலான் சந்தைக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பர்யாடிக்கு ஒரே ஒரு கொள்கைதான். "உங்க சாமானையெல்லாம் டி-யில வைங்க. சி-யை நான் எப்ப வேணா துடைப்பேன்." டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சி-யில் விண்டோஸ், டி-யில் சொந்தச் சமாச்சாரம். வைரஸ் வந்தால் சி-யை அழித்துப் புதிதாகப் போடுவார். டி பத்திரமாக இருக்கும். இருபது வருடமாக இதையே சொல்லி, கடைக் கண்ணாடியிலும் எழுதி ஒட்டியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் முதல் கோழித்தீவனக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் மனப்பாடம். மற்ற விஷயங்களில் அவர் பேச்சை அவர் வீட்டுப் பூனைகூடக் கேட்காது.

குஸ்தினாவும் அந்தப் பேச்சைக் கேட்டவர்தான். ஐம்பத்தைந்து வயது, பர்யாடியின் ஊரான கெடுங்சாரியில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். நோன்புக்கு முந்தின ருவா மாதம் பிறந்தால் கெடுங்சாரி ஜனங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து, அபெம் பணியாரத்தோடு வரிசையாக உட்கார்ந்து, இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து துஆ கேட்பார்கள். பெயர் எழுதிய பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. குஸ்தினா மூன்று மாதம் வீடு வீடாக நடந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு கல்லறைகளைப் படம் எடுத்து, படத்துக்குப் படம் பெயர் போட்டு, பட்டியலும் போட்டு வந்தார். அங்கே பாதிக் கல்லறைகளில் எழுத்தே கிடையாது, தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். யார் படுத்திருக்கிறார் என்பது இப்போது குஸ்தினாவின் லேப்டாப்புக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை காலை அந்த லேப்டாப்போடு வந்து நின்றார். அவருக்குப் பர்யாடி 'மாஸ்', அதாவது அண்ணன்; பர்யாடிக்கு அவர் 'இபு', அதாவது அம்மா.

"மாஸ், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் 'டி-யில இடமில்ல, டி-யில இடமில்ல'ன்னு மூலையில எட்டிப் பார்க்குது. எங்க மாமியார்கூட இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்ல. கடைசி நாப்பது பேரு சேவ் ஆகமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வாசிக்கணும்."

திறந்து பார்த்த பர்யாடிக்குப் பக்கென்றது. அந்த டி அவர் பிரித்த டி இல்லை. கெட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ள விண்டோஸின் ஒரு பிரதியைக் கம்பெனிக்காரன் அதில் அடைத்து வைத்திருந்தான். மிச்சம் கையளவு இடம். போன வருடம் பழைய மெஷினாக வாங்கி, உள்ளே பார்க்காமலே குஸ்தினாவுக்கு விற்றவர் சாட்சாத் பர்யாடிதான்.

"சாயங்காலம் வாங்க இபு" என்றார். தப்பு யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குஸ்தினாவின் ஃபோல்டரைக் காலியாகக் கிடந்த சி-க்கு மாற்றினார். கம்பெனிக்காரனின் சரக்கைத் தொடவில்லை. இனி யாரும் அதற்குள் எதையும் திணிக்காதபடி டி என்ற எழுத்தையே கண்ணிலிருந்து மறைத்தார். எச்சரிக்கை நின்றது. மொத்தம் பத்து நிமிட வேலை. அப்போதே மூடி வைத்திருக்கலாம்.

குற்ற உணர்ச்சி விடவில்லை. மெஷின் மந்தமாக இருக்கிறதே, புதிசு போல ஆக்கிக் கொடுப்போம் என்று நினைத்தார். மேஜையில் இன்னும் நான்கு லேப்டாப்புகள் வாயைப் பிளந்து கிடந்தன. கை தானாக விண்டோஸைப் புதிதாகப் போடும் பொத்தானை அழுத்தியது. 'சி-யில் உள்ளதெல்லாம் அழியும், சரியா?' என்று திரை கேட்டது. இருபது வருடமாகப் படிக்காமலே சரி என்று சொல்லும் கேள்வி அது. அன்றும் சரி என்றார்.

தேநீர் கிளாஸை வாயருகே கொண்டுபோனபோதுதான் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று உறைத்தது. பாய்ந்து வந்து பேட்டரியைப் பிடுங்கினார்.

அன்று சாயங்காலம் வந்த குஸ்தினாவிடம் "நாளைக்கு வாங்க இபு" என்று சமாளித்தார். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, அழிந்ததை மீட்கும் புரோகிராமை ஓடவிட்டார். மறுநாள் மதியம் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. பட்டியல் வரவில்லை. படத்துக்குக் குஸ்தினா வைத்த பெயர்களும் வரவில்லை. வெறும் ஒன்று, இரண்டு, மூன்று.

டிஸ்க் கெட்டுப்போச்சு என்று சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். குஸ்தினா ஒரு டப்பா அபெமோடு வந்து சிரித்ததும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

குஸ்தினா ஸ்டூலில் உட்கார்ந்தார். "டி-யில வைன்னு சொன்னது நீங்க. சி-க்கு மாத்துனது நீங்க. சி-யைத் துடைச்சதும் நீங்க. எனக்கு இதுல வேலையே இல்லாம போச்சே மாஸ்." பிறகு கண் கலங்கியது. "ஒரு பேரு விட்டுப்போனாலும் 'எங்கப்பாவை மறந்துட்டியே'ம்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க இபு. படத்தைக் காட்டிக் கேப்போம்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெரிய மானிட்டரைக் கடை வாசலுக்கு இழுத்துப் போட்டார். கெடுங்சாரியே திரண்டு வந்தது.

"அது எங்க மாமா. குறுக்க வேர் போகுது பாரு."

"உங்க மாமா என்னைக்கு நேரா படுத்தாரு? வேரும் அவரைப் பாத்துக் கோணிக்கிச்சு."

சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் சொன்னார்கள். பர்யாடி தட்டிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை மாலை குஸ்தினாவைத் தவிர எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு படம் மிஞ்சியது. நானூற்றுப் பதினெட்டு. கப்பலரளி மரத்தடியில் சாண் இடைவெளியில் இரண்டு சின்னக் கற்கள். யாரும் உரிமை கொண்டாடவில்லை.

பர்யாடிக்கு அந்தக் கற்களைத் தெரியும். வைத்தவரே அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன் பிறந்து ஒரே நாள் இருந்த மகள். வருடாவருடம் அப்பா, அம்மா பெயரை மட்டும் வாசிக்கக் கொடுப்பார். குழந்தையின் பெயரைக் கேட்டால் மனைவி வுர்யானி உடைந்துபோவாள் என்று பயம். உண்மையில் பயம் அவருக்குத்தான்.

"இந்தப் படம் உங்களுக்கு எப்படி..."

"வுர்யானிதான் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மாஸ்கிட்ட சொல்லாதீங்கன்னா. பேரை நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும் என் கையையே பாத்துக்கிட்டு நின்னா." குஸ்தினா குரலைத் தாழ்த்தினார். "பேரு எனக்கு ஞாபகமிருக்கு மாஸ். ஆனா நீங்க சொல்லணும்."

பர்யாடி சொன்னார். பாதிப் பெயரில் நின்றார். மறுபடி முதலிலிருந்து சொல்லி, தட்டி, சேவ் செய்து, இரண்டு பென்டிரைவில் நகலும் எடுத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

லேப்டாப்பில் எல்லாம் அழிந்த கதை வுர்யானிக்கும் தெரியும். அந்தச் சின்னக் கற்களுக்கு இனி யார் பெயர் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தவள், கணவருக்குத் தெரியாமல் கொடுத்த பெயர் என்பதால் கடைப்பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில், பெண்கள் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஸெகார் நிங்ரும், பர்யாடியின் மகள்."

வுர்யானி நிமிர்ந்தாள். குஸ்தினாவைப் பார்த்தாள். குஸ்தினா மோவாயால் ஆண்கள் பக்கம் காட்டினார். அங்கே பர்யாடி இரண்டு கைகளையும் ஏந்தியபடி, மற்ற எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக, ஆமீன் என்றார்.